இடைவேளையில் முடிந்த படம்

இடைவேளை விட்டதும், படம் முடிந்துவிட்டது என்று பொய் சொன்னேன். தப்பு அங்கேதான் நடந்தது.

உட்காருங்க தம்பி. நின்றுகொண்டு சண்டை போட என் முட்டி இடம் கொடுக்காது. நீங்கள் எதற்கு வந்து நிற்கிறீர்கள் என்று தெரியும். எனக்கு முன் வரிசையில் கட்டம் போட்ட சட்டை. முதல் பாதியில் மூன்று தடவை திரும்பிப் பார்த்தீர்கள். நாலாவது தடவை 'ஷ்' என்றீர்கள். கிழவன் விடாமல் பேசுகிறானே, வீட்டில் பேச ஆள் இல்லையா என்று நினைத்திருப்பீர்கள்.

பேசியது நான்தான். இரண்டாம் பாதியிலும் பேசுவேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்று கேட்டுவிட்டு, அப்புறமும் மேனேஜரிடம் போவதானால் போங்க. காபிக்குச் சொல்லியிருக்கிறேன், பால் சூடாக வேண்டுமாம். இடைவேளை பதினைந்து நிமிஷம். அதற்குள் முடித்துவிடுவேன். எனக்கு நீட்டி முழக்கிப் பேச வராது.

பேர் பொன்னுரங்கம். எடையளவு இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையர் ஆனவன். சேலத்தில் பழைய மளிகைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். தராசு, படிக்கல், எண்ணெய் அளக்கிற லிட்டர், பெட்ரோல் பங்க் மீட்டர், எல்லாவற்றையும் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. முப்பத்துநாலு வருஷம். அந்த வேலைக்கு இரண்டு வார்த்தை போதும். 'சரி.' 'குறையுது.' மூன்றாவது வார்த்தை பேசினால் கடைக்காரன் டீ வாங்கித் தர ஆரம்பிப்பான். வீட்டிலும் அதே இரண்டு வார்த்தைதான். குழம்பு சரி. உப்பு குறையுது. குடும்பம் நன்றாகத்தான் ஓடியது.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். ஒரு கடையில் எடை குறைக்கிறான் என்று புகார் வந்தால் நான் நேரே உள்ளே போக மாட்டேன். என் தலையைப் பார்த்ததும் கள்ளப் படிக்கல் மேசைக்கு அடியில் போய்விடும், நல்லது வெளியே வந்துவிடும். அதனால் முகம் தெரியாத ஒரு ஆளை அனுப்பி ஒரு கிலோ சர்க்கரை வாங்கிவரச் சொல்வேன். தெருமுனையில் நின்று என் தராசில் நிறுத்துப் பார்ப்பேன். எத்தனை கிராம் குறைகிறது என்று தெரிந்த பிறகுதான் கடைப் படி ஏறுவேன். அப்புறம் அவனைக் கேட்பேன். விடை எனக்கு முன்னாடியே தெரியும். அவன் வாயில் உண்மை வருகிறதா என்று பார்க்கத்தான் கேட்பது.

அப்படி நான் அனுப்புகிற ஆள் பாதி நேரம் என் வீட்டுக்காரிதான். கூடையோடு ஒரு பொம்பளை வந்து நின்றால் எவன் சந்தேகப்படுவான்? ரிப்போர்ட்டில் 'ஒரு பெண்மணி மூலம் வாங்கி' என்று எழுதுவேன். பேர் எழுதியதில்லை. வீட்டுப் பொம்பளை பேரை ஆபீஸ் காகிதத்தில் எதற்கு எழுதுவது?

இப்போது உள்ளே நடு சீட்டில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். கறுப்புக் கண்ணாடி. பார்த்திருப்பீர்கள்.

கண் போய் மூன்று வருஷம் ஆகிறது. கண்ணுக்குள் அழுத்தம். நரம்பு காய்ந்துவிட்டது, இனித் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். முதலில் ஓரம் போயிற்று, அப்புறம் நடு. இப்போது விளக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்பது மட்டும் தெரியும்.

கண் தெரியாதவளுக்கு எதற்குச் சினிமா? கேளுங்க, கேளுங்க. நானும் அதைத்தான் கேட்டேன்.

கண் இருந்த காலத்தில் அவள் மாட்னி ஷோ ஆள். மேல் வீட்டு நசீமா, இவள், இன்னும் இரண்டு பேர், மாதம் ஒரு படமாவது பார்த்துவிடுவார்கள். நான் போனதில்லை. கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் அவளோடு பார்த்தது இரண்டு படம். இரண்டிலும் தூங்கினேன். கண் போன பிறகு அவர்கள் இவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மனசு கஷ்டப்படுமே என்று விட்டுவிட்டார்கள். ஒரு நாள் இவளே என்னிடம் கேட்டாள்.

"ஏனுங்க, என்னை ஒரு படத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

"உனக்கு இப்ப எதுக்குப் படம்?" என்றேன். வாயில் வந்துவிட்டது.

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கூட்டிக்கொண்டு போனேன். பேசாததற்காக இல்லை. இரண்டு நாளும் ரசத்தில் உப்பு இல்லை.

அன்றைக்கு மாட்டிக்கொண்டவன்தான் தம்பி. வாரம் ஒரு படம். ஜெயிலில்கூட வாய்தாவுக்கு வெளியே கூட்டிப்போவார்கள். அவளுக்கு நடு சீட்டுதான் வேண்டும், சத்தம் இரண்டு காதிலும் சமமாக விழ வேண்டுமாம். இந்தப் பக்கம் எட்டுப் பேர் முட்டி, அந்தப் பக்கம் எட்டுப் பேர் முட்டி, நடுவில் நான். விளக்கு அணைந்ததும் என் மணிக்கட்டைப் பிடிப்பாள். திரையில் என்ன நடக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். வாயை மூடினால் மணிக்கட்டை அழுத்துவாள். விலங்கு போட்ட மாதிரி. இரண்டே வார்த்தையில் சம்பளம் வாங்கினவனைப் பிடித்து இரண்டரை மணி நேரம் பேசு என்றால்?

முதல் படம் ராஜா படம். வாள், குதிரை, யானை, ஆயிரம் பேர். பார்த்தீர்களா? எல்லாரும் பிரமாதம் என்றார்கள். நான் சொன்னது இதுதான். "வெட்டறான். வெட்டறான். இன்னும் வெட்டறான்."

"யாரைங்க?"

"பேர் தெரியல. நெறையப் பேரை."

மூன்று மணி நேரம் வெட்டிவிட்டு, கடைசியில் மீதி இரண்டாம் பாகத்தில் என்று எழுத்துப் போட்டான். எனக்கு வந்த கோபம்! அரை மூட்டையை நிறுத்துவிட்டு முழு மூட்டை என்று கட்டுகிறான். என் சர்வீஸில் இருந்திருந்தால் கேஸ் போட்டிருப்பேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று கேட்கவில்லை.

அடுத்தது பேய்ப் படம். மலை மேல் பங்களா. ஒருத்தி விளக்கை எடுத்துக்கொண்டு கதவு கதவாகத் திறக்கிறாள். நான் சொல்லிக்கொண்டே வந்தேன். "கதவு. யாருமில்ல. இன்னொரு கதவு. யாருமில்ல." திடீரென்று தியேட்டரே அலறியது. அலறி முடித்து எல்லாரும் அடங்கிய பிறகு நான் சொன்னேன், "பேய் வந்துச்சு." அப்போது இவள் அலறினாள். தனியாக. முன்னூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பேய்க்கு அவ்வளவு பேர் பயப்படவில்லை. படம் குறையுது. பேயின் கால் செருப்பு தெரிந்தது.

அப்புறம் ஒரு காதல் படம். பனி மலையில் பாட்டு. அவன் கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் போட்டிருக்கிறான். அவள் மட்டும் மெல்லிசாக ஒரு சேலை. "இவன் கோட்டைக் கழட்டிக் குடுத்தா என்ன? மூக்கு செவந்து நிக்கறா" என்றேன். சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம்.

"சேலை என்ன கலருங்க?"

"சிவப்பு."

"எந்தச் சிவப்பு?"

சிவப்பில் எத்தனை இருக்கிறது தம்பி? "கேஸ் சிலிண்டர் சிவப்பு" என்றேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவளுக்குச் சேலை புரிந்துவிட்டது. ஆட்டோவில் போகும்போது, "அந்தக் கலர்ல எனக்கும் ஒண்ணு இருந்துச்சுங்களே" என்றாள். இருந்திருக்கும். நான் கவனித்ததில்லை.

இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்க நசீமா ஒரு வழி சொன்னாள். போனில் ஏதோ ஒன்றை இறக்கிக் காதில் மாட்டிக்கொண்டால், சில படங்களுக்குக் கண் தெரியாதவர்களுக்காக ஒரு பெண் குரல் எல்லாவற்றையும் சொல்கிறது. அவளே வந்து போட்டும் கொடுத்தாள். எனக்கு விடுதலை கிடைத்த மாதிரி. ஒரு குடும்பப் படம். காதில் மாட்டிவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தேன். பத்து நிமிஷம். கழற்றி என் மடியில் போட்டுவிட்டாள்.

"ஏன், சரியாச் சொல்லலையா?"

"நல்லாத்தான் சொல்றா. ஆனா திட்டவே மாட்டேங்கறாளே."

மறுபடியும் மணிக்கட்டு. என்ன செய்வது, வயசானால் சில பேருக்கு மிஷின் பழகாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பால் இன்னும் காயவில்லை போல. அங்கே பாப்கார்ன் டப்பா பாருங்க, எத்தனை கிராம் என்று எங்கேயும் போடவில்லை. கேட்டால் 'லார்ஜ்' என்கிறாள் அந்தப் பெண். லார்ஜ் என்பது ஒரு எடையா?

விஷயம் இது. போன ஆடி மாசம் ஒரு படம் வந்தது. காணாமல் போன தம்பியைத் தேடி ஒரு அண்ணன் ஊர் ஊராகப் போகிறான். பெரிய பெரிய ஆளெல்லாம் பாராட்டின படமாம். சண்டை இல்லை, பாட்டு இல்லை, பேச்சே இல்லை. பேச்சு இருந்தாலாவது அவள் காதால் கேட்டுக்கொள்வாள், நான் கொஞ்சம் மூச்சு விடலாம். ஒரு மரத்தைக் காட்டினான்.

"மரம்" என்றேன்.

மணிக்கட்டை அழுத்தினாள். "அப்புறம்?"

"இன்னும் மரந்தான்."

"என்ன மரம்?"

"புளி."

"காத்தடிக்குதுங்களா?"

காற்று அடித்ததா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்! அன்றைக்கு முட்டி வேறு விண்விண் என்று தெறித்தது. காலை நீட்ட இடமில்லை. ஏசி நேரே என் மண்டையில் விழுந்தது. ஒரு மணி நேரம் மரம், ரோடு, பஸ், அண்ணன் முகம், மறுபடி மரம். மூச்சு முட்டியது. இடைவேளை என்று எழுத்து விழுந்தது. விளக்கு எரிந்தது.

"முடிஞ்சுது, எந்திரி" என்றேன்.

நினைத்துச் செய்ததில்லை தம்பி. கால்தான் செய்தது.

"ஏனுங்க, ஒண்ணேகால் மணி நேரந்தானே ஆச்சு?"

"இப்பெல்லாம் சின்னதாத்தான் எடுக்கறாங்க."

"தம்பி கிடைச்சானா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "இல்ல. அண்ணன் செத்துட்டான்" என்றேன். "எப்படி?" என்றாள். "பஸ்ல அடிபட்டு." கையைப் பிடித்து வேகவேகமாக வெளியே கூட்டிவந்துவிட்டேன். இதோ, இந்தத் தூணுக்குப் பக்கத்தில்தான் வந்து மூச்சு விட்டேன். ஆட்டோவில் அவள் அழுதாள். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே ஒழுகியது. "அத்தனை தூரம் தேடிட்டுப் போனவன்" என்று இரண்டு தடவை சொன்னாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை நசீமா அந்தப் படத்துக்குக் கிளம்பினாள். இவள் வாசலில் நிறுத்தி, "கைக்குட்டை எடுத்துக்க நசீமா, கடைசியில அண்ணன் செத்துருவான்" என்று சொல்லி அனுப்பினாள். நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவளைத் தடுக்க என்ன வழி? யோசித்துப் பார்த்தேன். வழியே இல்லை.

சாயந்தரம் நசீமா வந்தாள். வரும்போதே சத்தம்.

"யாரு செத்தா அக்கா? தம்பியைக் கண்டுபிடிச்சு ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கறாங்க, படம் முடியுது! நான் கைக்குட்டையைக் கையில வச்சுக்கிட்டு எப்படா சாவான் எப்படா சாவான்னு உக்காந்திருக்கேன். நீ எந்தப் படத்தைப் பார்த்த?"

நான் பேப்பரை இறக்கவில்லை.

இவள் சிரித்தாள். "அட, நான் தூங்கிட்டேன் போல நசீமா. கனவு கண்டுட்டேன்" என்றாள். தூங்கினாளாம்! அவள் தியேட்டரில் ஒரு நாளாவது தூங்கியிருக்கிறாளா? நசீமாவும் சிரித்துவிட்டு மேலே போய்விட்டாள்.

திட்டுவாள் என்று இருந்தேன். திட்டவில்லை. அழவும் இல்லை. "ஏன் அப்படிச் சொன்னீங்க" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரிசி களையப் போய்விட்டாள். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை மாத்திரை கொடுத்தேன். ரத்தக்கொதிப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று. மூன்று வருஷமாக நான்தான் உள்ளங்கையில் வைப்பேன், அவள் வாயில் போட்டுக்கொள்வாள். அன்றைக்குக் கையை மூடிக்கொண்டாள். நசீமா தண்ணீர் பிடிக்கக் கீழே வந்தபோது கையை விரித்துக் காட்டி, "இதுல எது எதுன்னு பார்த்துச் சொல்லு" என்றாள். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன்.

பால் பொங்கப் போகிறது என்று நான் சொன்னால், அடுப்பு மேல் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டுதான் அணைப்பாள். சேலை என்ன நிறம் என்று பூக்காரியைக் கேட்பாள். மகன் பெங்களூரிலிருந்து அனுப்பிய போட்டோவில் பேரன் எப்படி இருக்கிறான் என்று போஸ்ட்மேனைக் கேட்டாள். போஸ்ட்மேனை! என்னைக் கேட்கவில்லை. படத்துக்குப் போகலாம் என்றும் சொல்லவில்லை. வீடு அமைதியாக இருந்தது. நான் கேட்டதும் அதுதானே? நல்லதுதான்.

நல்லதுதான் என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வாய் தானாக ஓடும். "மழை வருது." "எதிர் வீட்டுக்காரன் புது வண்டி வாங்கியிருக்கான். வெள்ளை." அவள் இருக்கிற பக்கம் பார்த்து நான் சொல்வேன். அவள் 'ம்' கொட்டுவதோடு சரி. கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, மழை வருகிறதா என்று பார்ப்பாள்.

அதுகூடப் பரவாயில்லை. ஐந்து ரோடு சந்திப்பில் ஒரு நாள், பாங்குக்குப் போக ரோட்டைத் தாண்ட வேண்டும். மத்தியானம். ரோடு துடைத்துவிட்ட மாதிரி காலி.

"வண்டி வருதுங்களா?"

"வரல. வா."

அவள் கால் வைக்கவில்லை.

நான் கையைப் பிடித்திருந்தேன். இழுத்தால் வந்திருப்பாள். இழுக்கவில்லை. வெயிலில் நின்றோம். ஒரு நிமிஷம் இருக்கும். பக்கத்தில் ஒரு கீரைக்காரம்மா கூடையோடு இறங்கினாள். அந்தச் செருப்புச் சத்தம் முன்னால் போவதைக் கேட்ட பிறகுதான் இவள் கால் எடுத்தாள்.

முப்பத்துநாலு வருஷத்தில் எத்தனையோ தராசை ஓரமாக எடுத்து வைத்திருக்கிறேன். முத்திரை செல்லாது, இனி இதில் நிறுக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். கடைக்காரன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி நான் நின்றேன். வேறென்ன சொல்ல?

மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்று உங்கள் மூஞ்சி சொல்கிறது. எனக்கு அதெல்லாம் வராது. வேறு ஒன்று செய்தேன். அந்தப் படத்தை மறுபடி பார்க்கலாம், இரண்டாம் பாதியை ஒரு இலை விடாமல் சொல்கிறேன் என்று நினைத்தேன். தியேட்டருக்குப் போன் போட்டால், படத்தை எடுத்துவிட்டார்கள். ஒரே வாரம். நல்ல படமாம், ஒரே வாரம். இன்னொரு தியேட்டர், அங்கேயும் இல்லை. ஆத்தூரில் ஓடுகிறது என்றார்கள், பஸ் ஏறிப் போனேன், முந்தின நாள்தான் எடுத்தார்களாம். சொன்ன பொய்யைத் திருப்பி எடுக்க எங்கேயும் ஒரு கதவு இல்லை. ஆத்தூர் போனதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் நம்பவா போகிறாள்?

அப்படி ஒன்றரை மாசம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே சொன்னாள். "ஒரு போலீஸ் படம் வந்திருக்குதாமுங்க. போலாமா?"

சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

அந்தப் படம் பார்த்தீர்களா? பார்த்துவிடாதீர்கள். அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே மாட்டேன் என்கிறான், இருட்டு அறையில்கூட. ஐம்பது பேர் வரிசையில் நின்று ஒவ்வொருத்தனாக வந்து அடி வாங்குகிறார்கள், ரேஷன் கடை மாதிரி. எனக்கு வாயெல்லாம் கசந்தது. ஆனாலும் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். பித்தான் எத்தனை, சுவரில் என்ன காலண்டர், யார் முகத்தில் வேர்வை, எல்லாம். அவள் கை என் மணிக்கட்டில் இருந்தது, ஆனால் அழுத்தவில்லை. சும்மா கிடந்தது. முட்டி அன்றைக்கும் தெறித்தது.

இடைவேளை. விளக்கு எரிந்தது. எட்டுப் பேரும் எழுந்து வழி விட்டார்கள். வெளியே போகிற கதவுக்கு மேல் பச்சை விளக்கு எனக்கு நேரே எரிந்தது.

அவள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "முடிஞ்சுதுங்களா?"

அந்தக் கதவைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

"இல்ல. பாதிதான் ஆச்சு. மீதி இதைவிட மோசமா இருக்கும்" என்றேன்.

"அப்ப காபி வாங்கிட்டு வாங்க" என்றாள்.

மீதி மோசமாகத்தான் இருந்தது. அதையும் சொன்னேன். திரும்பும்போது ஆட்டோவில் அவள் தானாகப் பேச ஆரம்பித்தாள்.

"நசீமா சொன்னதுல அந்த நாய் இல்லீங்க."

"எந்த நாய்?"

"ஸ்டேஷன் வாசல்ல ஒரு செவலை நாய் படுத்திருக்கு, யாரு வந்தாலும் எந்திரிக்க மாட்டேங்குதுன்னு சொன்னீங்களே, அந்த நாய்."

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. நசீமா எங்கே இதில் வந்தாள்? அப்புறம் பிடிபட்டது.

"நசீமா படம் பார்த்துட்டாளா?"

"முந்தா நாளே அனுப்பி வச்சேன். வந்து முழுக் கதையும் சொல்லிட்டா. தெருமுனையில நிறுத்துப் பார்த்துட்டுத்தானுங்களே கடைப் படி ஏறணும்?"

என் வித்தை தம்பி. நான் சொல்லிக் கொடுத்தது. கூடையைக் கொடுத்து ஒரு கிலோ சர்க்கரை வாங்கிவரச் சொன்னவன் நான். இத்தனை வருஷம் கழித்து என்னையே கடைக்காரன் ஆக்கி, இரண்டரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, கல் வைத்து நிறுத்திருக்கிறாள். இடைவேளையில் கேட்டாளே, முடிந்ததா என்று, விடை தெரிந்துகொண்டு கேட்டது.

ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்தான்.

"குறையுதா?" என்று கேட்டேன்.

"சரி" என்றாள். அப்புறம், "ஒரு நாய் கூடுதலாவே இருக்குது" என்றாள்.

ஆட்டோ எங்கள் தெருவுக்குள் வராது, எதிர்ப்பக்கமே இறக்கிவிட்டான். ரோட்டைத் தாண்ட வேண்டும். "வண்டி வருதுங்களா?" என்றாள். ஒரு லாரி வந்தது. "வருது, நில்லு" என்றேன். நின்றாள். லாரி போயிற்று. "வா" என்றேன். எனக்கு முன்னால் அவள் கால் ரோட்டில் இறங்கியது.

காபி வந்துவிட்டது. ஒன்று சர்க்கரை இல்லாமல். சொன்னேனே, சுருக்கமாகத்தான் பேசுவேன் என்று. நீங்கள் இன்றைய படம் எப்படி என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அப்பன் திருடன், மகன் வக்கீல். முதல் பாதி சரி. கோர்ட்டில் மின்விசிறி சுற்றவில்லை, ஆனால் எல்லார் காகிதமும் பறக்கிறது. இரண்டாம் பாதி பார்த்துத்தான் முத்திரை. முட்டி இப்போதே ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒன்றேகால் மணி நேரம். அந்த எட்டுப் பேரைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தால் அப்புறம் எனக்கு அசைவில்லை. அடுத்த வாரம் இதேதான். அதற்கடுத்த வாரமும் இதேதான். ஆயுள் தண்டனை.

போன் அடிக்கிறது பாருங்க. 'வீடு' என்று வருகிறதே, அவள்தான். உள்ளிருந்து கூப்பிடுகிறாள். விளம்பரம் முடியப் போகிறது என்று அர்த்தம்.

நீங்கள் 'ஷ்' சொல்வதானால் சொல்லுங்க. என் வேலையை நான் விட முடியாது. மேனேஜர் கேட்டால் மூன்றாவது வரிசை, பொன்னுரங்கம், ரிடையர்டு இன்ஸ்பெக்டர் என்று தாராளமாகச் சொல்லுங்க. நான்தான் எல்லாவற்றையும் சரி பண்ணினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் தப்புப் பண்ணினவன். நசீமாவும் இல்லை, அவள் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தாள், அவ்வளவுதான். சரி பண்ணின ஆள் உள்ளே நடு சீட்டில் உட்கார்ந்து எனக்காகக் காலை ஒடுக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். முப்பத்துநாலு வருஷ ரிப்போர்ட்டில் நான் ஒரு தடவைகூட எழுதாத பேர். கேட்டுக்கொள்ளுங்க.

அம்சவேணி.